பழைய பஸ்ஸை இழுத்துவர மிலிட்டரி லாரியா, கிரேனா, லோபெட்டா?

பள்ளிக்கூடமோ தனியார் கம்பெனியோ கழித்துவிட்ட பஸ்ஸை வாங்கி நூலகமாக்க, டிபன் கடையாக்க, தோட்டத்தில் தங்குமிடமாக்க நினைக்கிறவர்கள் இப்போது நிறைய. வாங்குவது சுலபமாக முடிந்துவிடுகிறது, நின்ற இடத்திலிருந்து அதை நகர்த்தும்போதுதான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள். இன்ஜின் ஓடாது, பேட்டரி செத்திருக்கும், பின்சக்கரம் மண்ணில் பாதி புதைந்திருக்கும். அப்போது பக்கத்தில் நிற்கிற யாராவது ஒருவர் சொல்வார்: "மரக்கடைக்காரர் ஒருத்தர்கிட்ட மிலிட்டரி டிஸ்போசல் லாரி இருக்குங்க, நாலு வீலும் இழுக்கும், ஒரே இழுப்புல வந்துரும்." ராணுவம் கழித்துவிட்ட லாரியைத்தான் டிஸ்போசல் லாரி என்கிறார்கள். கேட்கவே ஆறுதலாக இருக்கும். அதைக் கூப்பிடலாமா, கிரேன் சொல்லலாமா, லோபெட்டில் (தாழ்ந்த தளமுள்ள ட்ரெய்லரில்) ஏற்றலாமா என்று என்னிடம் கேட்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேற்றிலிருந்து தார் ரோடு வரைக்கும் மிலிட்டரி லாரிக்கு ஈடு கிடையாது. தார் ரோடு ஏறினதும் அதைக் கழற்றிவிட்டுவிடுங்கள். இப்படிச் சொல்வதற்குக் காரணம் ஒன்றுதான்: பஸ்ஸை இழுப்பது பெரிய விஷயம் இல்லை, நிறுத்துவதுதான் பெரிய விஷயம்.

எதை வைத்து முடிவு செய்வது

55 சீட் பஸ், ஆள் இல்லாமல், சுமார் 9 முதல் 10 டன் இருக்கும். சமமான தார் ரோட்டில், காற்று சரியாக உள்ள டயரில், அதை உருட்டிக்கொண்டு போக 100 கிலோ அளவுக்கு இழுவிசை போதும். அதனால்தான் நாலைந்து பேர் சேர்ந்து பஸ்ஸைத் தள்ளிவிட முடிகிறது. பத்தடிக்கு ஓரடி ஏறும் மேடு வந்தால் அதோடு இன்னொரு டன் சேரும். ஈரக் கரிசலில் ரிம் வரைக்கும் புதைந்திருந்தால் 3, 4 டன்கூடக் கேட்கும். ஆக, முதல் கேள்வி பஸ் எந்த மண்ணில் நிற்கிறது, தார் ரோட்டுக்கு எத்தனை மீட்டர் என்பது. அங்கிருந்து எத்தனை கிலோமீட்டர், வழியில் இறக்கம் உண்டா என்பது இரண்டாவது. பத்தில் எட்டுப் பேர் மேட்டைப் பற்றித்தான் கேட்கிறார்கள், இறக்கத்தைப் பற்றிக் கேட்பதில்லை.

மூன்றாவது பிரேக். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஏர் பிரேக் பஸ்ஸில் ஹேண்ட் பிரேக் என்பது பின்சக்கர பூஸ்டருக்குள் (பிரேக்கை இயக்கும் காற்றுக் கலத்துக்குள்) இருக்கும் கனத்த ஸ்பிரிங். காற்று இருந்தால் அது அடங்கிக் கிடக்கும், காற்று போய்விட்டால் ஸ்பிரிங் விரிந்து சக்கரத்தைப் பூட்டிவிடும். இன்ஜின் ஓடாத பஸ்ஸில் கம்ப்ரஸர் ஓடாது, காற்று இருக்காது, எனவே பின்சக்கரம் பூட்டியே நிற்கும். விடுவிக்க இரண்டு வழி உண்டு. வெளியிலிருந்து காற்று ஏற்றலாம், காற்றழுத்தம் ஐந்தாறு பார் வரைக்கும் ஏறினால்தான் முழுதாக விடும். அல்லது பூஸ்டரின் பின்பக்கம் போல்ட்டைப் போட்டு முறுக்கி ஸ்பிரிங்கை உள்ளே இழுத்துக் கட்டிவிடலாம். இரண்டாவது வழியில் சக்கரம் சுழலும், ஆனால் அதன்பிறகு டாங்கியில் காற்று தீர்ந்தால் அந்தப் பத்து டன்னை நிறுத்த எதுவுமே கிடையாது. இந்த உண்மையைச் சொல்லாமலே போல்ட்டை முறுக்கிவிட்டுப் போகிற மெக்கானிக்குகள் உண்டு.

நாலாவது, சட்டம். பழுதான வண்டியைப் பக்கத்து ஒர்க்‌ஷாப்புக்கோ, டெலிவரிக்கோ இழுத்துப்போகத்தான் அனுமதி. மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. இரண்டு வண்டிக்கும் நடுவில் 5 மீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. கயிறோ சங்கிலியோ மற்றவர் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியவேண்டும். முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு போகாவிட்டால், இழுக்கப்படும் பஸ்ஸின் சீட்டில் அந்த வண்டியை ஓட்ட லைசென்ஸ் உள்ளவர் உட்கார்ந்திருக்க வேண்டும். இழுபடும் வண்டி என்று எழுதிய பலகையைப் பின்னால் மாட்டுங்கள்.

பணத்தை ஐந்தாவதாகத்தான் வைக்கிறேன். எந்த வண்டியைக் கூப்பிட்டாலும் வருவதற்கு ஒரு வாடகை, திரும்பிப் போவதற்கு ஒரு வாடகை, காத்திருக்க ஒரு வாடகை, டோல்கேட் தனி. விலை கேட்கும்போது "ஷெட்டுலிருந்து ஷெட்டுக்கா?" என்று கேட்டுவிடுங்கள்.

மிலிட்டரி லாரி

நம் பக்கம் டிஸ்போசலில் கிடைப்பது பெரும்பாலும் அசோக் லேலண்ட் ஸ்டாலியன். ஹினோ வழி வந்த ஆறு சிலிண்டர் இன்ஜின், நாலு சக்கரமும் இழுக்கும், ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் பூட்டி இறக்கப்பட்டது. காட்டுப்பாதையில் 5 டன், ரோட்டில் 7.5 டன் ஏற்றும் ரகம். அதற்கு முந்தைய தலைமுறை சக்திமான். ஜெர்மனியின் மான் கம்பெனி உரிமத்தில் 1959இலிருந்து 1990கள் வரை ஜபல்பூரில் செய்தார்கள். பார்க்க அழகான வண்டி, ஆனால் ஸ்பேர் தேடி அலையவேண்டும்.

இந்த லாரியின் பலம் குதிரைத்திறனில் இல்லை. ரோட்டில் ஓடும் லோடு லாரிகளில் இதைவிடப் பெரிய இன்ஜின்கள் இருக்கின்றன. பலம் நாலு சக்கரமும் மண்ணைப் பிடிப்பதில், லோ ரேஞ்ச் கியரில் நடைவேகத்துக்கும் கீழே துடிக்காமல் இழுப்பதில், உயரமான அடிப்பாகத்தில், பின்னால் சேஸிஸோடு சேர்த்து வைத்த உறுதியான கொக்கியில் இருக்கிறது. பீரங்கியையும் ட்ரெய்லரையும் இழுப்பதற்கென்றே வைத்த கொக்கி அது. சாதாரண லாரியின் பின்னால் சங்கிலி மாட்ட நல்ல இடமே இருக்காது.

சிறுமுகைப் பக்கம் ஒரு வாழைத்தோட்டத்தில் மூன்று வருஷமாக நின்ற லேலண்ட் வைக்கிங் பள்ளி பஸ் ஒன்றை எடுக்கப் போனோம். ஐப்பசி மழை. தார் ரோட்டுக்கு 180 மீட்டர். டிராக்டர் இரண்டு முறை முயன்று அதே இடத்தில் குழி தோண்டிக்கொண்டு நின்றது. பிறகு டிஸ்போசல் ஸ்டாலியன் வந்தது. ஓட்டிவந்த பெரியவர் முதலில் செய்த வேலை, லாரித் தொட்டியில் மணல் மூட்டைகளை அடுக்கச் சொன்னது. எடை இருந்தால்தான் பிடிமானம் என்றார். அப்புறம் பஸ்ஸின் நாலு பக்கமும் வழிவிட்டு மண்ணை வெட்டச் சொல்லி, டயருக்கு முன்னால் பலகை போடச் சொன்னார். அதற்கே ஒன்றரை மணி நேரம். இழுத்தது பத்து நிமிஷம்தான். லோ கியரில் சங்கிலியை மெதுவாக விறைக்கவிட்டு, ஒரு துள்ளல்கூட இல்லாமல் பஸ் எழுந்து வந்ததைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

அதுவரைக்கும் எல்லாம் சரி. வந்த வேகத்தில் அப்படியே கரூர் பாடி கட்டும் பட்டறை வரைக்கும் லாரியிலேயே போய்விடலாம் என்று பஸ் உரிமையாளர் ஆசைப்பட்டார். அன்னூர், அவிநாசி, திருப்பூர், காங்கேயம், வெள்ளகோவில், கரூர், மொத்தம் 150 கிலோமீட்டர் அளவில் வரும். பூஸ்டரில் போல்ட் முறுக்கியாகிவிட்டது, பஞ்சர் கடை கம்ப்ரஸரில் காற்றும் ஏற்றிக்கொண்டோம். பஸ் ஸ்டியரிங்கில் நான் உட்கார்ந்தேன். பெரியவர் கண்ணாடிப் பக்கம் வந்து, "பெடல சும்மா சும்மா மிதிக்காதீங்க தம்பி. சங்கிலி தொய்யுதான்னு மட்டும் பாருங்க, தொய்ஞ்சா மட்டும் மெல்ல மிதிங்க" என்றார்.

முன்னால் தெரிவது லாரியின் பின்கதவும் அதன் நட்டுகளும் மட்டும்தான். ரோடு தெரியாது. இன்ஜின் ஓடாததால் பவர் ஸ்டியரிங் கிடையாது, ஒரு சின்ன வளைவுக்கே இரண்டு கையும் தோளும் சேர்ந்து திருப்பவேண்டும். கேஜ் முள் ஆரம்பத்தில் ஆறில் இருந்தது. மூன்று வருஷம் நின்ற பஸ்ஸின் குழாய்களில் எங்கெங்கோ கசிவு. நாலு கிலோமீட்டர் போவதற்குள் முள் மூன்றுக்கு வந்துவிட்டது. ஒரு சாதாரண இறக்கம், நடந்து போனால் இறக்கம் என்றே தோன்றாது, அங்கே சங்கிலி தொய்ந்தது. மிதித்தேன், பஸ் கேட்டது. இன்னொரு முறை மிதித்தேன், பெடல் வெறுமனே உள்ளே போனது. பின்கதவின் நட்டு ஒவ்வொன்றாக எண்ணும் தூரத்துக்கு வந்துவிட்டது. பெரியவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தவர், பிரேக் போடாமல் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி முன்னால் விலகி, அடுத்த மேட்டில் என்னை நிறுத்தினார். அவர் பதறிப்போய் பிரேக் மிதித்திருந்தால் நான் லாரித் தொட்டிக்குள் போயிருப்பேன். அன்றைக்கு அங்கேயே ஓரங்கட்டி, கரூருக்குக் கிரேன் சொன்னோம்.

காரணம் எளிது. மணல் மூட்டை இல்லாத ஸ்டாலியன் பஸ்ஸைவிட இலேசான வண்டி. மேட்டில் லாரி பஸ்ஸை இழுக்கும், இறக்கத்தில் பஸ் லாரியைத் தள்ளும். சங்கிலியால் இழுக்கமட்டும்தான் முடியும், தாங்கிப்பிடிக்க முடியாது. சங்கிலிக்குப் பதில் ஏ வடிவ இரும்பு டோ பார் (இரண்டு வண்டியையும் இணைக்கும் இழுவைத் தண்டு) இருந்து, லாரியின் பின்னாலுள்ள ட்ரெய்லர் காற்று இணைப்பிலிருந்து பஸ் டாங்கிக்குத் தொடர்ந்து காற்றும் போனால் கதை வேறு. அப்போது 10, 15 கிலோமீட்டர் சமதரையில் தைரியமாகப் போகலாம். ஆனால் வாடகைக்கு வரும் டிஸ்போசல் லாரிகளில் இந்த இரண்டும் சேர்ந்து இருப்பதை நான் பார்த்தது அபூர்வம். 150 கிலோமீட்டரை 25 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க நிற்காமல் போனாலே 6 மணி நேரம் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சொந்தமாக ஒரு டிஸ்போசல் லாரியே வாங்கிவிட்டால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். மத்திய அரசு நிறுவனமான எம்எஸ்டிசியின் இணைய ஏலத்தில் வருகிறது, உண்மைதான். ஆனால் உள்ளது உள்ளபடி எடுக்கவேண்டும், ஓட்டிப் பார்க்க விடமாட்டார்கள், ஏலத் தொகைக்கு மேல் வரி உண்டு, குறித்த நாளுக்குள் எடுக்காவிட்டால் இட வாடகை ஏறும். எடுத்த பிறகு ஆர்டிஓ பதிவு. ராணுவப் பச்சை நிறத்தை வைத்துக்கொள்ள மத்திய மோட்டார் வாகன விதி 121 அனுமதிப்பதில்லை, முழுதாகப் பெயின்ட் மாற்றவேண்டும். இன்ஜின் சாமான் லேலண்ட் கடைகளில் கிடைத்துவிடும், முன் ஆக்ஸிலும் ட்ரான்ஸ்ஃபர் கேஸும் (முன், பின் ஆக்ஸிலுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) கெட்டால் காத்திருக்கவேண்டும். டீசல் லிட்டருக்கு மூன்று நாலு கிலோமீட்டர் கிடைத்தால் பெரிது. மர வேலை, எஸ்டேட் வேலை என்று வருஷம் முழுக்கக் காட்டுக்குள் ஓடுகிறவருக்கு இது தகும். ஒரே ஒரு பஸ்ஸை நகர்த்த இதை வாங்காதீர்கள்.

ராணுவமே வந்து இழுத்துத் தராதா என்றும் கேட்கிறார்கள். வெள்ளம், நிலச்சரிவு மாதிரி நேரத்தில் மாவட்ட நிர்வாகம் கேட்டால் வருவார்கள். தனியாள் பஸ்ஸுக்கு வரமாட்டார்கள்.

ரெக்கவரி கிரேன்

முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு பின்சக்கரத்தில் உருட்டிப்போகும் வண்டி. தார் ரோட்டில் 20 முதல் 200 கிலோமீட்டர் வரைக்கும், பெரிய மலையிறக்கம் இல்லாத பாதைக்கு, பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பஸ்ஸுக்கு டிரைவர் வேண்டாம், ஸ்டியரிங் பிரச்சினை இல்லை, பஸ் முன்னால் வந்து மோதவும் முடியாது.

கவனிக்கவேண்டியது இரண்டு. முதலாவது, ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் (கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் தண்டை) கழற்றாமல் பஸ்ஸை ஒரு கிலோமீட்டர்கூட நகர்த்தவிடாதீர்கள். பின்சக்கரம் உருளும்போது கியர்பாக்ஸின் மெயின் ஷாஃப்ட்டும் சுற்றும், ஆனால் எண்ணெயை மேலே வாரித் தெளிக்கும் கீழ் ஷாஃப்ட் இன்ஜின் ஓடினால்தான் சுற்றும். நியூட்ரலில் இருக்கிறதே என்று விட்டால் போய்ச் சேரும்போது பேரிங் காய்ந்து கருகியிருக்கும். எட்டு நட்டு கழற்ற அரைமணி நேரம் ஆகும் என்று கிரேன்காரர்கள் தட்டிக்கழிப்பார்கள். நீங்களே ஆள் வைத்துக் கழற்றி, ஷாஃப்ட்டைப் பஸ்ஸுக்குள் போட்டுவிடுங்கள். (மிலிட்டரி லாரியில் இழுத்தாலும் இதே விதிதான்.)

இரண்டாவது, பின்பக்க நீட்டம். நம் பஸ்களில் பின் ஆக்ஸிலுக்குப் பிறகு நீளும் பகுதி வீல்பேஸில் (முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவிலுள்ள தூரத்தில்) 60 சதவீதம் வரைக்கும் இருக்கலாம். 222 அங்குல வீல்பேஸ் வைக்கிங்கில் அது 3.4 மீட்டர் அளவு. முன் ஆக்ஸிலை 30 சென்டிமீட்டர் தூக்கினால் வால் 18 சென்டிமீட்டர் இறங்கும். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது பின் பம்பரும் ஏணியும் ரோட்டில் உரசி வளையும். தேவைக்கு மேல் தூக்காதீர்கள் என்று கிரேன் ஆபரேட்டரிடம் சொல்லி, முதல் வேகத்தடையில் இறங்கி நின்று பாருங்கள்.

கிரேனுக்குச் சேறு ஆகாது. அது தார் ரோட்டிலேயே நின்றுகொண்டு, "இங்க கொண்டுவந்து குடுங்க" என்றுதான் சொல்லும். தோட்டத்துக்குள் இறக்கினீர்கள் என்றால் இரண்டு வண்டியை எடுக்க ஆள் தேடவேண்டும்.

லோபெட் ட்ரெய்லர்

பிரேக் இல்லை, டயர் இல்லை, பின் ஆக்ஸிலே இல்லை என்றாலும் கவலைப்படாமல் கொண்டுபோகலாம். நெடுந்தூரத்துக்கும், முன்பக்கம் அடிபட்ட பஸ்ஸுக்கும் இதுதான் பாதுகாப்பு. பாடி புதிதாக, பெயின்ட் புதிதாக இருக்கிற பஸ்ஸையும் இதில்தான் ஏற்றவேண்டும்.

மறைவான செலவு உயரத்தில் இருக்கிறது. பஸ் 3.2 மீட்டர், ட்ரெய்லர் தளம் ஒரு மீட்டர் என்று வைத்தாலே 4.2 மீட்டரைத் தொடும், மேலே கேரியர் இருந்தால் இன்னும் கூடும். நாலுவழிச் சாலையில் தொந்தரவு இல்லை, ஊருக்குள் தாழ்ந்து தொங்கும் மின்கம்பி, கேபிள் ஒயர், ரயில்வே சுரங்கப்பாதை எல்லாம் அங்கங்கே நிறுத்தும். ஒருநாள் முன்னால் பைக்கில் அந்த வழியை முழுக்கப் பார்த்துவிட்டு வாருங்கள். ஏற்றவும் இறக்கவும் ஹைட்ரா கிரேன் தேவைப்பட்டால் அந்த வாடகை இரண்டு பக்கமும் தனி. கட்டும்போது சங்கிலி ஆக்ஸிலிலும் சேஸிஸிலும் போகவேண்டும். ஜன்னல் தூணில் கட்டினால் 100 கிலோமீட்டரில் பாடி விலகிவிடும்.

அங்கேயே சரிசெய்து ஓட்டிவருவது

இதை யாரும் முதலில் யோசிப்பதில்லை. பஸ் டீசல் இன்ஜின் மூன்று வருஷம் நின்றதாலேயே செத்துப்போவதில்லை. பல வண்டிகள் புது பேட்டரி, புது டீசல், ஃபில்டர், டீசல் லைனில் காற்றெடுப்பது, இவ்வளவிலேயே ஸ்டார்ட் ஆகியிருக்கின்றன. இன்ஜின் ஓடிவிட்டால் காற்று ஏறும், பிரேக்கும் பவர் ஸ்டியரிங்கும் வேலை செய்யும். கிரேன் வாடகையும் மெக்கானிக் கூலியும் ஏறக்குறைய ஒன்றாக வந்தால் மெக்கானிக்குக்கே கொடுங்கள், அந்தப் பணம் பஸ்ஸிலேயே நிற்கும்.

ரோட்டில் ஓட்ட எஃப்சி (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், வரி எல்லாம் நடப்பில் இருக்கவேண்டும். அது காலாவதியான பஸ்ஸை அதிகாலையில் சத்தமில்லாமல் ஓட்டிவந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், வழியில் ஒருவருக்கு ஏதாவது ஆனால் உங்கள் வீடும் நிலமும் போகும். இன்னொன்று, அரசுப் பஸ் வாங்க நினைப்பவர்களுக்கு: மத்திய அரசு விதிப்படி 2023 ஏப்ரல் 1 முதல் 15 வருஷம் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவு புதுப்பிக்கப்படுவதில்லை, அவை பதிவுபெற்ற ஸ்கிராப் மையத்துக்குத்தான் போகவேண்டும். எனவே விற்பவரிடம் காகிதத்தை முதலில் பாருங்கள், வண்டியை அப்புறம் பாருங்கள்.

டிராக்டர், ஜேசிபி

காய்ந்த தரையில் 50 மீட்டருக்கு டிராக்டரே போதும், மிலிட்டரி லாரி வரும் வாடகையில் கால்வாசியில் முடியும். ஜேசிபியை மண் வெட்ட, வழி சமன் செய்யக் கூப்பிடுங்கள். பக்கெட்டால் பஸ்ஸைத் தள்ளவிட்டால் முன் கண்ணாடியும் பின் பேனலும் போய்விடும். எது இழுத்தாலும் சங்கிலி மாட்டும் இடம் சேஸிஸ் முனையிலுள்ள இழுவைப் பின். பாடி கட்டும்போது அதை பம்பருக்குள் மறைத்திருப்பார்கள், பம்பரைக் கழற்றித்தான் ஆகவேண்டும். ஸ்டியரிங் ராடிலும் பட்டை ஸ்பிரிங்கிலும் சங்கிலி சுற்றாதீர்கள். சங்கிலி விறைத்திருக்கும்போது அதன் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் யாரையும், குறிப்பாக வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளை, நிற்கவிடாதீர்கள்.

தாளவாடிக்காரருக்கு

தாளவாடியில் நிற்கும் பஸ்ஸைச் சத்தியமங்கலத்துக்கு இறக்கவேண்டும், மிலிட்டரி லாரி பேசி வைத்திருக்கிறேன், என்ன சொல்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். லோபெட் அந்த வளைவுகளில் திரும்பாது, தவிர 2022இல் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு 16.2 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளுக்கு அங்கே அனுமதி இல்லை, மாலை 6 முதல் காலை 6 வரை சரக்குப் போக்குவரத்தும் கிடையாது. கிரேனில் முன்பக்கம் தூக்கிய பஸ்ஸின் வால் ஒவ்வொரு வளைவிலும் தரை தட்டும். சங்கிலியில் கட்டி மிலிட்டரி லாரிக்குப் பின்னால் இறக்குவதோ, சிறுமுகையில் நான் பார்த்த அந்தச் சின்ன இறக்கம் விடாமல் பல கிலோமீட்டருக்கு நீள்வது போல. தயவுசெய்து வேண்டாம். பேசி வைத்த லாரியை, பஸ் நிற்கும் நிலத்திலிருந்து தாளவாடி ரோட்டுக்குக் கொண்டுவர மட்டும் பயன்படுத்துங்கள். பிறகு அங்கேயே மெக்கானிக்கை வைத்து நாலு சக்கரத்துக்கும் பிரேக் லைனிங் மாற்றுங்கள், காற்றுக் குழாய்களைச் சோப்புத் தண்ணீர் போட்டுச் சோதியுங்கள், கேஜ் முள் ஒரு மணி நேரம் இறங்காமல் நிற்கிறதா என்று பாருங்கள், அதன்பிறகு இன்ஜின் வேலை. காகிதங்கள் சரியானதும், மலைப்பாதை தெரிந்த ஒரு டிரைவரைச் சத்தியிலிருந்து கூப்பிட்டு, காலை 6 மணிக்குப் பிறகு இரண்டாம் கியரிலேயே இறக்கச் சொல்லுங்கள்.